மதிப்பெண்ணை ஏற்றலாம், இறக்கக் கூடாது

பெருந்தொற்றுக் காலத்து மார்க் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டதால், இந்த வாரப் பக்கம் முழுவதும் அவற்றுக்கே. சினிமா, அரசியல் கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: கொரோனா ஓய்ந்து இத்தனை வருடமாகிவிட்டது. அப்போது போட்ட மார்க்கை இப்போது எதற்குக் கிளற வேண்டும்?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்)

நோய் போய்விட்டது, சான்றிதழ் போகவில்லை. 2020-ல் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இன்றும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாளைத்தான் நகலெடுத்து இணைக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த தொற்று வந்த பிறகு உட்கார்ந்து யோசித்தால், 2020-ல் நடந்தது மாதிரி அவசரத்தில்தான் முடிவெடுப்போம். பள்ளிகள் திறந்திருக்கும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பள்ளியைப் பூட்டிவிட்டால் மார்க் எப்படிப் போடுவது? ஒரே வரியில் பதில் வேண்டும்.
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பூட்டிய நாள் வரை பிள்ளை காட்டியதற்கு மார்க் போடு. பூட்டிய பிறகு செய்தது அதை ஏற்றலாம், இறக்கக் கூடாது.

கேள்வி: கேட்க நன்றாக இருக்கிறது. உலகத்தில் எங்காவது இப்படிச் செய்திருக்கிறார்களா?
(ஆசிரியர் பயிற்சி மாணவி, தஞ்சாவூர்)

செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பொதுப் பள்ளிகளில் 2020 மார்ச் 13 அன்று ஒரு மாணவருக்கு என்ன கிரேடு இருந்ததோ, அதற்குக் கீழே அந்தப் பருவத்தில் யாருக்கும் போகக் கூடாது என்று அறிவித்தார்கள். ஃபெயில் கிரேடும் கிடையாது. வீட்டிலிருந்து வேலை செய்து அனுப்பினால் உயர்த்திக்கொள்ளலாம். சியாட்டிலில் இன்னும் ஒரு படி மேலே போய், உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு ‘ஏ’ அல்லது ‘நிறைவு பெறவில்லை’, இரண்டே தீர்ப்பு என்றார்கள். எனக்கு முதலாவது முறைதான் சரியென்று படுகிறது. ஆறு மாதம் முயன்று படித்தவளுக்கும் புத்தகத்தையே திறக்காதவனுக்கும் ஒரே ‘ஏ’ என்றால், முயன்றவளின் உழைப்பை யாரும் பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

கேள்வி: 2020-ல் நம் பத்தாம் வகுப்பில் என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா? என் மகளுக்கு அப்போது நாலு வயது, இப்போது கேட்கிறாள்.
(இல்லத்தரசி, பழனி)

மார்ச் 27-ம் தேதி தொடங்க வேண்டிய தேர்வு. 25-ம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்துவிட்டது. ஜூன் 1-க்குத் தள்ளினார்கள். பிறகு ஜூன் 15-க்குத் தள்ளினார்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்கு. ஜூன் 9-ம் தேதி முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி தேர்வை ரத்து செய்து, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு. ஆகஸ்ட் 10-ல் முடிவு வந்தபோது 9,39,829 பேரும் தேர்ச்சி. உங்கள் மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: மார்ச்சில் படித்து முடித்த பாடத்தை ஜூன் வரை ‘தேர்வு உண்டா, இல்லையா’ என்று தெரியாமலே புரட்டிக்கொண்டிருந்தார்கள், பதினைந்து வயதுப் பிள்ளைகள். மூன்று மாதம்.

கேள்வி: கேரளாவும் கர்நாடகாவும் அதே ஆண்டு தேர்வை நடத்திக் காட்டினவே. நமக்கு மட்டும் ஏன் முடியவில்லை?
(தனியார் பள்ளித் தாளாளர், ஓசூர்)

கேரளா மே கடைசி வாரத்தில் நடத்தியது. அப்போது அங்கே தொற்று குறைவு. கர்நாடகா ஜூன் 25-ல் தொடங்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எழுத வைத்தது. அந்தத் துணிச்சலைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் நாட்காட்டியைப் பாருங்கள். ஜூன் 15-ல் இங்கே தேர்வு தொடங்கியிருந்தால், ஜூன் 19-ம் தேதி சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூரில் மறுபடி போட்ட முழு ஊரடங்கு பாதித் தேர்வில் குறுக்கே வந்திருக்கும். ரத்து செய்தது சரிதான். ரத்து செய்ய ஜூன் 9 வரை எடுத்துக்கொண்டது சரியில்லை.

கேள்வி: காலாண்டில் என் மாணவர்களுக்கு வேண்டுமென்றே கறாராகத் திருத்துவேன். பயந்து படிப்பார்கள் என்று. 2020-ல் அந்த மார்க்கே பொதுத்தேர்வு மார்க்காக உட்கார்ந்துவிட்டது. இதற்கு யார் பொறுப்பு?
(கணித ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்)

இந்த வாரம் வந்த கேள்விகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். அந்த 80-20 சூத்திரத்தின் உள்ளே இருந்த பெரிய ஓட்டை இது.

காலாண்டு, அரையாண்டு வினாத்தாள் பெரும்பாலும் பல பள்ளிகளுக்குப் பொதுவானது. திருத்துவது அவரவர் பள்ளி. ஒரு பள்ளியில் படி விட்டால் அரை மார்க் போகும். அடுத்த பள்ளியில் படியே வேண்டாம், விடை சரியென்றால் முழு மார்க். காலாண்டில் கறாராக மார்க் போட்டு, திருப்புதல் தேர்வில் கொஞ்சம் தளர்த்தி, பொதுத்தேர்வுக்குத் தயார் செய்வது நம் பள்ளிகளின் பழைய பழக்கம். பிள்ளைகளுக்கும் இது தெரியும். அரையாண்டில் அறுபது வாங்கிவிட்டு ‘பப்ளிக்ல பார்த்துக்கலாம் சார்’ என்பான். அந்த ‘பப்ளிக்’ வரவே இல்லை.

ஆக, 2019 டிசம்பரில் ஒரு நோக்கத்துக்காகப் போட்ட எண்ணை 2020 ஜூனில் வேறொரு நோக்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எழுதிய பிள்ளைக்கும் திருத்திய உங்களுக்கும் முன்கூட்டித் தெரியாது. பொறுப்பு உங்களுடையது இல்லை. ஆனால் தீர்வு இருந்தது. விடைத்தாள்கள் பள்ளியில் இருந்தன. மாவட்டத்துக்குள்ளேயே தாள்களை மாற்றி, ஒரு பள்ளித் தாளை இன்னொரு பள்ளி ஆசிரியர் ஒரே விடைக்குறிப்பு வைத்து மறுபடி திருத்தியிருக்கலாம். அல்லது ஜனவரி, பிப்ரவரியில் எழுதிய திருப்புதல் தேர்வுகளையும் சேர்த்து, மூன்றில் எது சிறந்ததோ அதை எடுத்திருக்கலாம். அந்தத் திருப்புதல் தேர்வுகளில்தான் பிள்ளைகள் உண்மையிலேயே உட்கார்ந்து படித்திருந்தார்கள்.

இனி ஒவ்வொரு காலாண்டுத் தாளையும், நாளை இதுவே சான்றிதழில் ஏறலாம் என்ற நினைப்போடு திருத்துங்கள். கறாராக இருங்கள், ஆனால் நியாயமாக.

கேள்வி: வருகைக்கு 20 விழுக்காடு கொடுத்தது நல்லதுதானே? ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?
(பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், ஈரோடு)

மரியாதை கொடுக்கலாம், கணக்குப் பாடத்தில் கொடுக்கக் கூடாது. பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளை வேலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் எத்தனையோ. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பத்தாம் வகுப்புப் பெண்ணும் கூடப் போகிறாள். மாதவிடாய் நாட்களில் கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் வீட்டில் இருந்துவிடும் பெண்கள் இருக்கிறார்கள். டெங்குவில் மூன்று வாரம் படுத்தவன் இருக்கிறான். இவர்கள் அல்ஜீப்ராவில் எவ்வளவு தெரிந்தவர்கள் என்பதற்கும் வருகைப் பதிவேட்டில் விழுந்த ‘ஆப்சென்ட்’டுக்கும் என்ன தொடர்பு? அந்த 20 விழுக்காட்டில் நாம் அளந்தது குடும்பத்தின் நிலைமையை.

கேள்வி: காலாண்டு, அரையாண்டு இரண்டையும் எழுதாதவர்கள் என்ன ஆனார்கள்?
(சமூக சேவகர், தருமபுரி)

பதிவு செய்தவர்களில் சில ஆயிரம் பேர் அந்த ‘அனைவரும் தேர்ச்சி’ப் பட்டியலில் இல்லை. எல்லோரும் என்று சொன்னபோது பெயர் விடுபட்டவர்கள், ஏற்கெனவே பள்ளியிலிருந்து பாதி நழுவிக்கொண்டிருந்த பிள்ளைகள். அவர்களுக்கென்று ஒரு தனித் தேர்வு உடனே வைத்துப் பிடித்து இழுத்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். பள்ளி மூடியிருந்தபோது வீட்டுப்பாடம் மாலை ஐந்துக்குள் வாட்ஸ்அப்பில் வர வேண்டும். ஒரு மாணவி தினமும் இரவு பதினொரு மணிக்குத்தான் அனுப்புவாள். தாமதத்துக்கு மார்க் குறைத்தேன். அந்தப் படங்களை அச்செடுத்து அனுப்பியிருக்கிறேன். நான் செய்தது சரியா?
(ஆசிரியை, செய்யாறு)

படங்களைப் பார்த்தேன். நோட்டு ஒரு எவர்சில்வர் அரிசி டிரம்மின் மூடி மேல் இருக்கிறது. ட்யூப் லைட் வெளிச்சம் இடது பக்கம் மட்டும் விழுகிறது. வலது ஓரத்தில் எழுத்து நிழலில். ஒரு படத்தின் மூலையில் காக்கிச் சட்டைக் கையின் ஓரம் தெரிகிறது. அது அப்பாவின் சட்டையாக இருக்க வேண்டும். போனும் அவருடையதாக இருக்க வேண்டும். அவர் வண்டியை விட்டு வீடு திரும்பிய பிறகுதான் அவளுக்குப் போன். மொத்தம் பத்துக் கணக்கு. ஒன்பதாவதை முழுதாக அடித்துவிட்டுக் கீழே மறுபடி போட்டிருக்கிறாள், இந்த முறை சரியாக.

டீச்சர், தாமதம் என்று நீங்கள் குறித்தது அவள் வீட்டில் ஒரே ஒரு போன் இருப்பதை. நேரத்துக்கு மார்க் குறைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதிவேடு பழையதாகிப் போயிருந்தால் அவளிடம் நேரில் சொல்லிவிடுங்கள். 2021-ல் வெளிவந்த, பள்ளிக் கல்வி பற்றிய ‘ஏசர்’ ஆய்வு, நாட்டில் 67.6 விழுக்காடு மாணவர் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொன்னது. அதே ஆய்வு, போன் இருக்கும் வீடுகளிலேயே நாலில் ஒரு பிள்ளைக்கு அது கையில் கிடைப்பதில்லை என்றும் சொன்னது. வீட்டில் போன் இருப்பது வேறு, பிள்ளைக்குக் கிடைப்பது வேறு.

கேள்வி: ஆன்லைன் தேர்வில் பாதி வீட்டில் அம்மாதான் எழுதினார். அதற்கெல்லாம் மார்க் உண்டா?
(டியூஷன் ஆசிரியர், மதுரை)

அம்மா எழுத முடிகிற கேள்வியைக் கேட்டது யார் குற்றம்? புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் அம்மா நிரப்புவார், கைடு நிரப்பும், கூகுள் நிரப்பும். ‘உங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கும். போன சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் எரிந்தது, விருந்தாளி வந்த வாரம் அது ஏறியதா’ என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வீடு விடை மாறும். அடுப்பு விறகாக இருந்தால் ரேஷன் அரிசியை வைத்துக் கேளுங்கள். அம்மாவும் உட்கார்ந்து சேர்ந்து கணக்குப் போட்டால் இன்னும் நல்லது. பிறகு ஐந்து நிமிடம் சாதாரண போனில் பேசி, ‘இந்த வகுத்தலை ஏன் போட்டாய்?’ என்று கேட்டால் யார் போட்டது என்பது தெரிந்துவிடும். அறுபது பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். ஒரு வாரத்தில் பிரித்துச் செய்யக்கூடிய வேலைதான்.

கேள்வி: கட்டணம் கட்டாததால் என் பையனுக்கு ஆன்லைன் வகுப்பின் லிங்க் தரவில்லை. பிறகு, தேர்வு எழுதவில்லை என்று மார்க் பட்டியலில் கோடு போட்டுவிட்டார்கள்.
(வேன் ஓட்டுநர், திருப்பூர்)

பாக்கி உங்கள் பெயரில் இருக்கலாம். பையன் பெயரில் எழுத அவர்களுக்கு உரிமை இல்லை. கட்டணப் பாக்கியை வசூலிக்க வேறு வழிகள் உண்டு, மதிப்பெண் பட்டியல் அதற்கான இடம் அல்ல. மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனிதர்கள் திருத்தினால்தானே பாரபட்சம்? கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டால் என்ன?
(மென்பொருள் பொறியாளர், கோவை)

இங்கிலாந்து விட்டுப் பார்த்தது. 2020-ல் அங்கே பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவல் நடக்கவில்லை. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிரேடும் வகுப்பில் ஒரு தரவரிசையும் கொடுத்தார்கள். தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால் அதை ஒரு கணக்கீட்டு முறைக்குள் போட்டது. அந்தக் கணக்கீடு முக்கியமாகப் பார்த்தது, அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் எப்படி எடுத்தது என்பதை. ஆகஸ்ட் 13-ல் முடிவு வந்தது. ஆசிரியர் கொடுத்த கிரேடுகளில் ஐந்தில் இரண்டு கீழே இறங்கியிருந்தது.

யாருக்கு இறங்கியது? இதுவரை யாரும் மேல் கிரேடு வாங்காத ஒரு சாதாரண அரசுப் பள்ளியில் அந்த வருடம் ஒரு கெட்டிக்காரப் பெண் இருந்தால், அவளுக்கு அந்த கிரேடு கிடைக்க அந்தக் கணக்கீட்டில் வழி அடைபட்டிருந்தது. அண்ணன் சட்டை அளவை வைத்துத் தம்பிக்குத் துணி வெட்டிய கதை. அதேசமயம் ஒரு பாடத்தில் ஐந்து பேருக்கும் குறைவாக இருக்கும் சின்ன வகுப்புகளில் ஆசிரியர் கொடுத்ததே நின்றது. அப்படிச் சின்ன வகுப்புகள் எங்கே அதிகம்? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில். பிள்ளைகள் லண்டனில் கல்வித் துறை அலுவலகத்தின் முன் திரண்டார்கள். நாலே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அரசு பின்வாங்கி ஆசிரியர் கிரேடையே ஏற்றது. ஸ்காட்லாந்தில் அதற்கு ஒரு வாரம் முன்பே இதே கதை: சுமார் ஒன்றேகால் லட்சம் கிரேடுகள் இறக்கப்பட்டு, பிறகு திரும்பக் கொடுக்கப்பட்டன.

கம்ப்யூட்டருக்குப் பாரபட்சம் கிடையாது என்பது சரிதான். அதற்குள் நீங்கள் எதைப் போடுகிறீர்களோ, அந்தப் பாரபட்சத்தை ஒருவர் விடாமல் எல்லோருக்கும் செய்யும்.

கேள்வி: ஆசிரியர் கையில் விட்டால் அள்ளி வீசிவிட மாட்டார்களா?
(அதே கோவைப் பொறியாளர்)

வீசினார்கள். பிரிட்டனில் ஏ-லெவலில் மேல் இரண்டு கிரேடுகளின் பங்கு 2019-ல் 25.4 விழுக்காடு, 2020-ல் 38.5, 2021-ல் 44.8. மருத்துவப் படிப்பு இடங்களுக்கான உச்சவரம்பையே தளர்த்த வேண்டி வந்தது. அது ஒரு சிக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு தவறுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தகுதிக்கு மேல் ஒரு படி ஏறியவனை அடுத்த வருடக் கல்லூரிப் பாடம் சரிசெய்துவிடும். தகுதி இருந்தும் இறக்கப்பட்டவளுக்கு அந்தக் கல்லூரிக் கதவே திறக்காது. ஏறியதைத் திருத்தலாம், இறக்கியதைத் திருத்துவது கஷ்டம்.

கேள்வி: இலங்கையில் என் அக்கா மகள் 2020-ல் உயர்தரப் பரீட்சை எழுதினாள், தொற்றின் நடுவிலேயே. பள்ளிப் புள்ளிகளை வைத்தே முடித்திருக்கக் கூடாதா?
(வாசகி, யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வந்தவர்)

கூடாது என்பதைவிட, முடியாது. அங்கே பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. ஒரு பாடத்தில் நாடு முழுவதும் எழுதியவர்களின் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதுதான் அந்தக் கணக்கு. எல்லோரும் ஒரே தாள் எழுதினால்தான் அந்தப் புள்ளி பிறக்கும். அதனால் ஆகஸ்டில் நடக்க வேண்டியதைத் தள்ளி அக்டோபர் 12-ல் தொடங்கி நடத்தினார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் வசதி வேறுபடும் நாட்டில் பள்ளிப் புள்ளியை எடுத்திருந்தால் கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் உள்ள தூரம் இன்னும் கூடியிருக்கும். அந்தப் பிள்ளைகள் முகக்கவசத்தோடும் பயத்தோடும் எழுதினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் அக்கா மகளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: 2021 பிளஸ் 2 மார்க் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. மார்க்கில் புள்ளி வைத்து தசமம் வேறு!
(அந்த ஆண்டு மாணவர், இப்போது வேலை தேடுபவர், கடலூர்)

ஜூன் 5-ம் தேதி முதல்வர் ஸ்டாலின் தேர்வை ரத்து செய்தார். பிறகு ஒரு குழு வைத்துச் சூத்திரம் வந்தது. உங்கள் பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு, பிளஸ் 1 எழுத்துத் தேர்வுக்கு 20, பிளஸ் 2 செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும் 30. ஜூலை 19-ல் முடிவு. பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் யாருக்கு முதலில் இடம் என்ற தகராறு வருமே, அதைக் குறைக்கத்தான் தசமம்.

2020 சூத்திரத்தைவிட இது நியாயமானது. காரணம், உங்கள் பேட்ச் 2019-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நிஜமாகவே எழுதியிருந்தது. 2020 மார்ச்சில் பிளஸ் 1 தேர்வையும் ஏறக்குறைய முடித்திருந்தது. வெளியாள் திருத்திய தாள் கையில் இருந்தது. குறை ஒன்று உண்டு: பத்தாம் வகுப்பில் தமிழிலும் சமூக அறிவியலிலும் எடுத்த மார்க், பிளஸ் 2 இயற்பியலுக்கு வந்து உட்கார்ந்தது.

கேள்வி: கணக்கிட்டுக் கொடுத்த மார்க் பிடிக்காதவர்கள் தேர்வு எழுதலாம் என்றார்கள். எழுதிக் குறைந்துவிட்டால்?
(அதே ஆண்டு சிபிஎஸ்இ மாணவி, சென்னை)

சிபிஎஸ்இ முதலில், எழுதிய பிறகு அந்த மார்க்கே இறுதி என்று விதி வைத்திருந்தது. சில மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2022 ஜனவரியில் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்து, இரண்டில் எது கூடுதலோ அதை மாணவர் எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஏற்றலாம், இறக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

கேள்வி: 2021-ல் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘தேர்ச்சி’ மட்டும் போட்டு மார்க்கே இல்லாமல் கொடுத்தார்களே, அதுதானே உண்மையான சமத்துவம்?
(இடதுசாரி வாசகர், திருவாரூர்)

பாதி வருடம் வகுப்பே நடக்காத ஆண்டு அது. பொய்யான எண்ணைவிட எண் இல்லாதது நேர்மை என்று நானும் அப்போது நினைத்தேன், இப்போதும் பாதி நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாளை வாங்கிப் பார்க்கும் அலுவலகங்கள் மாறவில்லை. அஞ்சல் துறையில் கிராமிய டாக் சேவக் வேலைக்குத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் வரிசை. எண்ணே இல்லாத சான்றிதழோடு ஒரு பையன் அந்த விண்ணப்பத்தை எப்படி நிரப்புவான்? மார்க்கை எடுத்துவிடும் அரசு, மார்க் கேட்கும் இடங்கள் எல்லாவற்றுக்கும் அன்றைக்கே கடிதம் எழுதி மாற்று வழியை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். விட்டுப்போன கடிதத்தின் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

கேள்வி: அரியர் ஆல் பாஸ்?
(பொறியியல் மாணவர், சேலம்)

தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியர் பாடங்களில் தேர்ச்சி என்று 2020 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. வழக்காகி, தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. எனக்கும் ஏற்பில்லை. பள்ளிப் பிள்ளைக்குக் கதவை மூடியது தொற்று. பழைய அரியருக்கும் தொற்றுக்கும் சம்பந்தம் கிடையாது.

கேள்வி: நேர்காணலில் ‘நீ கொரோனா பேட்ச்தானே’ என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது?
(பட்டதாரி, திண்டுக்கல்)

நீங்கள் 2022-ல் பிளஸ் 2 முடித்தவர் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பத்தாம் வகுப்பில் உங்களுக்குப் பொதுத்தேர்வு இல்லை, பிளஸ் 1-ல் இல்லை. வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வையே பிளஸ் 2-வில் எழுதியவர்கள் நீங்கள். இரண்டு வருடம் வகுப்பறையை அரைகுறையாகப் பார்த்துவிட்டு நேராக அந்த ஹாலுக்குள் போனீர்கள். பாடத்திட்டத்தைக் குறைத்திருந்தார்கள், உண்மை. ஆனாலும் உங்கள் பேட்ச் 93.76 விழுக்காடு தேர்ச்சி பெற்றது. எந்தத் தொற்றும் இல்லாத 2019-ல் அது 91.3. அடுத்த முறை யாராவது கேட்டால் தலை நிமிர்ந்து ‘ஆமாம்’ என்று சொல்லி, இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லோரையும் பாஸ் போட்டுவிட்டால் கருணை முடிந்ததா?
(தலைமை ஆசிரியை, அரசு நடுநிலைப் பள்ளி, ராமநாதபுரம் மாவட்டம்)

முடியவில்லை, தொடங்குகிறது. மூன்றாம் வகுப்பில் பள்ளி மூடி, ஐந்தாம் வகுப்பில் திறந்தபோது உயிர்மெய் எழுத்தைத் தேடிய பிள்ளைகளை நீங்கள்தான் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளையை ஃபெயில் போட்டிருந்தால் அவமானம்தான் மிஞ்சியிருக்கும். பாஸ் போட்டதோடு விட்டிருந்தால் அறியாமை மிஞ்சியிருக்கும். 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், செய்தது அந்த மீதி வேலையை. மார்க் கொடுத்த அறிக்கைகள் எல்லாம் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தன. இவர்கள் வேலை உள்பக்கத்தில் வந்தது. எனக்கு எது பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: நாளைக்கே பள்ளிகளை மூட வேண்டி வந்தால், கல்வித் துறையிடம் நீங்கள் கேட்பது என்ன?
(பத்தாம் வகுப்பு மாணவி, தென்காசி)

உன் கேள்வியைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான், அதிகாரிகள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் கண்ணில் படட்டும் என்று.

மூடிய முதல் வாரத்துக்குள் விதி என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் காக்க வைக்காதீர்கள். மூடும் நாள் வரை எழுதிய எல்லாத் தேர்விலும் சிறந்ததை எடுங்கள், வேறு பள்ளி ஆசிரியரைக் கொண்டு ஒருமுறை சரிபாருங்கள். வருகைப் பதிவைத் தொடாதீர்கள். பள்ளியின் பழைய ரிசல்ட்டை வைத்து எந்தப் பிள்ளையையும் அளக்காதீர்கள். வீட்டிலிருந்து அனுப்பியதற்கு மார்க் கூட்டுங்கள், அனுப்பாததற்குக் குறைக்காதீர்கள். கொடுத்த மார்க் போதாது என்பவருக்குப் பள்ளி திறந்த இரண்டு மாதத்தில் ஒரு தேர்வு வையுங்கள். இரண்டில் கூடுதலானது அவருடையது. இதற்கு ஓர் அரசாணை போதும். அதைத் தொற்று இல்லாத இந்த ஆண்டிலேயே போடுங்கள்.